“ஆச்சு” என்ற சொல்

1.9.2013, ஞாயிறு

முப்பத்திரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. போதும். கேட்பதற்கு ஆள் இல்லையென்றால் எழுதியாவது வைக்கிறேன். கைடு விற்க வந்தவர் ஜனவரியில் கொடுத்துவிட்டுப் போன டைரி எட்டு மாதமாக வெறுமனே கிடக்கிறது.

சீனிராஜ் இன்றும் வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி என்றால் வந்துவிடுவான். மைதானத்திலிருந்து நேரே வருவான். கேன்வாஸ் ஷூவில் ஒட்டிய செம்மண் என் வாசற்படியில் உதிரும். நான் பிரிக்காத பேப்பரை முதலில் பிரிப்பவன் அவன்தான். ரயில்வேயில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கோவில்பட்டிக்குத் திரும்பி எட்டு வருஷம் ஆகிறது. ஒரு ஞாயிறு தவறியதில்லை.

இன்று பேப்பரைப் பிரிக்கவில்லை. நேரே அடுக்களை வாசலில் போய் நின்று என் மனைவியிடம், “தங்கச்சி, வேலை கெடச்சிருச்சு” என்றான். மில் குடும்பத்து அறக்கட்டளை ஒன்று ஹாக்கிப் பயிற்சி மையம் தொடங்குகிறது. செயற்கைப் புல்தரை, விடுதி, எல்லாம். அதற்குத் தலைமைப் பயிற்சியாளர். நேர்காணல் முடிந்தது; பத்து நாளில் உத்தரவு வரும். எட்டு வருஷமாக நகராட்சிப் பள்ளி மைதானத்தில் பதினாலு பெண் பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு இது பெரிய காரியம்தான்.

செண்பகம் உடனே கேசரி கிளறினாள். முந்திரி போட்டு.

எனக்காக இந்த வீட்டில் கேசரி கிளறிய நாள் எது என்று யோசித்துப் பார்த்தேன். இருபத்துநான்கு வருஷம் அரசு உதவி பெறும் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். எம்.ஏ., எம்.ஃபில். என்னைவிட ஆறு வருஷம் இளையவரைத் தலைமையாசிரியர் ஆக்கினார்கள். செயலாளருக்கு அவர் சொந்தக்காரர். அந்த வாரம் வீட்டில் ரசம் வைத்தாள்.

சீனிராஜ் போனபிறகு வலது கையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றும் மடங்காது. சாக்பீஸைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் இடுக்கித்தான் பிடிப்பேன். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருக்கும் பெயர் இடுக்கி. இந்தக் கையை இப்படி ஆக்கியவனுக்குத்தான் இன்று கேசரி.

4.9.2013, புதன்

பதினோரு நாளைக்குப் பிறகு குழாயில் தண்ணீர். இருபது குடம். இடுப்பு விட்டுப்போய்விட்டது.

5.9.2013, வியாழன்

ஆசிரியர் தினம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பேனா கொடுத்தார்கள். நன்றாக எழுதுகிறது. செண்பகத்திடம் தபால் கவர் ஒன்று வாங்கிவரச் சொன்னேன். பள்ளி வேலைக்கு என்றேன்.

6.9.2013, வெள்ளி

பள்ளி விட்டதும் ரயில் நிலையம் வரை நடந்துவிட்டு வந்தேன். சின்ன வேலை ஒன்று இருந்தது. முடிந்தது.

8.9.2013, ஞாயிறு

சீனிராஜ் வந்தான். உத்தரவு வரவில்லை, வந்துவிடும் என்றான். புதுத் தரையில் பந்து எப்படி உருளும் என்று என் மேஜைமேல் எலுமிச்சம்பழத்தை வைத்து உருட்டிக் காட்டினான். “கல்லே கெடையாதுடே. நம்மளுக்கு மட்டும் அப்ப இப்படி ஒரு தரை இருந்திருந்தா” என்று தொடங்கியவன் என் கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். இப்படி நிறுத்திக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்காது.

எட்டாம் வகுப்பிலிருந்து பழக்கம். முப்பது பேருக்குப் பதினோரு மட்டை. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்று. திங்கள், புதன், வெள்ளி அவனுக்கு, மற்ற நாள் எனக்கு. அவன் நாளில் நான் அவனுக்குப் பந்து எடுத்துப்போடுவேன், என் நாளில் அவன். அப்படித்தான் நான் பந்தை நிறுத்தக் கற்றேன், அவன் அடிக்கக் கற்றான்.

பெனால்டி கார்னர் என்றால் எங்கள் இருவரையும்தான் கூப்பிடுவார்கள். கோல் கோட்டிலிருந்து ஒருவன் பந்தை வேகமாகத் தள்ளிவிடுவான். நான் குனிந்து அதைக் கையால் நிறுத்த வேண்டும். அன்றைக்குக் கையால் நிறுத்தலாம், பிறகுதான் விதியை மாற்றினார்கள். நிறுத்திக் கையை எடுத்த அதே கணத்தில் சீனிராஜ் பின்னாலிருந்து ஓடிவந்து அடிப்பான். என் கை போனதா என்று அவன் பார்த்துக்கொண்டு நின்றால் எதிரணி பாய்ந்துவிடும். ஆகவே பார்க்க மாட்டான். நான் ஒரு சொல் சொல்வேன். “ஆச்சு.” அது காதில் விழுந்தால் அடி. சத்தமாகச் சொல்வதில்லை, மூச்சு விடுவதுபோல. மூன்றடிக்கு அப்பால் கேட்காது. கண்ணை என்னிடம் கொடுத்துவிட்டுக் காதை மட்டும் வைத்துக்கொண்டு ஓடிவருவான். இரண்டு வருஷத்தில் அப்படிப் பத்தொன்பது கோல்.

எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. 1981 ஜனவரி, மண்டல இறுதி ஆட்டம். அவசரப்பட்டு அடித்துவிட்டான் என்று ஊரே சொன்னது. நான் மறுக்கவில்லை. அடுத்த மாதம் மாநில ஜூனியர் முகாமுக்கு எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பேர் போக வேண்டியது. ஒருவன் போனான். அதன் வழியாக ரயில்வே வேலை. டெல்லி, ஜலந்தர், போபால் என்று பார்க்காத ஊர் இல்லை. நான் போன தூரம் மதுரைப் பல்கலைக்கழகம் வரை.

12.9.2013, வியாழன்

காலாண்டுத் தேர்வு. மேற்பார்வைக்கு என்னை மூன்று மாடி ஏற வைக்கிறார் தலைமையாசிரியர். வேண்டுமென்றேதான்.

15.9.2013, ஞாயிறு

வந்தான். உத்தரவு இன்னும் வரவில்லை. தபால் சுணங்குகிறது என்று அவனே சொல்லிக்கொண்டான். இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டான்.

18.9.2013, புதன்

எங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ராஜாமணி ஆசிரியர் அறையில் சொன்னார். சீனிராஜுக்கு எதிராக அறக்கட்டளைக்கு மொட்டைக் கடிதாசி வந்திருக்கிறதாம். மாநில முகாமுக்குப் போட்டியாக இருந்த சக ஆட்டக்காரனின் கையைத் திட்டமிட்டு உடைத்தவனிடம் பிள்ளைகளை ஒப்படைக்கலாமா என்று கேட்டிருக்கிறதாம். அறக்கட்டளைச் செயலாளர் ஆடிப்போய்விட்டாராம்.

“சார், அது உங்க கையப் பத்தித்தானே?” என்றார் ராஜாமணி.

எவன் எழுதினானோ என்றேன்.

22.9.2013, ஞாயிறு

ஏழு மணி ஆயிற்று, எட்டு ஆயிற்று. சீனிராஜ் வரவில்லை. நாலு இட்லி மிஞ்சியது. செண்பகம் இரண்டு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பேப்பரை நான்தான் முதலில் பிரித்தேன். படிக்க ஒன்றுமில்லை.

அவன் எனக்குச் செய்ததையெல்லாம் செண்பகம் சொல்லிக் காட்டுவாள். நானே எழுதி வைத்துவிடுகிறேன். கட்டுப் போட்ட நாளிலிருந்து தேர்வு வரை வகுப்பில் என் நோட்டை அவன்தான் எழுதினான். முதலில் எனக்கு, மணி அடிப்பதற்குள் முடிந்தால் தனக்கு. கையெழுத்து கண்ணில் குத்தும். ‘வேதியியல்’ என்று ஒரு நாளும் சரியாக எழுதியதில்லை. அதை வைத்துப் படித்து, தேர்வில் விடைகளைச் சொல்லி இன்னொருவனை எழுதவைத்து, நான் முதல் வகுப்பில் தேறினேன். அவன் கணக்கில் தோற்றான். அது என் தவறு அல்ல.

காலையில் பள்ளி வாசலில் நிற்பான். நான் வந்ததும் பேசாமல் என் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுவிடுவான். இடது கையால் அதைப் போடுவது சிரமம். அம்மா போட்டுவிட்டால் வீட்டில் வெட்கமாக இருந்தது, அவனிடம் இருக்கவில்லை.

என் மகள் பிறந்தபோது செண்பகத்துக்கு ரத்தம் தேவைப்பட்டது. விழுப்புரத்தில் வேலையில் இருந்தவன் ராத்திரி ரயில் பிடித்து வந்து கொடுத்தான்.

ஒரு மனிதன் காரணம் இல்லாமல் இவ்வளவு செய்வானா? குற்றம் செய்தவன்தான் செய்வான். இது நான் பல வருஷம் முன்பே எடுத்த முடிவு.

29.9.2013, ஞாயிறு

வந்தான். ஷூ இல்லை, செருப்பு. காலையில் மைதானத்துக்குப் போகவில்லை போலிருக்கிறது. காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டான்.

அறக்கட்டளையில் கூப்பிட்டு அந்தக் கடிதத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்களாம். செண்பகம் தண்ணீர் பிடிக்கப் பின்பக்கம் போகும்வரை உத்தரவு, தரை, விடுதி என்று எதையெதையோ பேசிக்கொண்டிருந்தான். அவள் போனதும் குரலை இறக்கினான்.

“நல்ல தமிழ்டே. ஒரு பிழை கெடையாது. நான் எழுதினா பத்து இருக்கும்.”

நான் பேப்பரை மடித்தேன்.

“அதுல ஒரு எடத்துல போட்டிருக்கு, ‘ஆச்சு என்ற சொல் வருமுன்பே ஓங்கி அடித்தார்’னு. டிரில் மாஸ்டருக்கே அந்தச் சொல் தெரியாது. பந்தத் தள்ளிவிட்டானே சுந்தரம், அவனுக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் நடுவுல இருந்த சொல்லுடே அது.”

மின்விசிறி டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மாதமாகவே அப்படித்தான், ஆள் கூப்பிட வேண்டும். சீனிராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மேஜைமேல் கிடந்த சிவப்பு மைப்புட்டியின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தான்.

“யாரு எழுதினதுன்னு கேக்க நான் வரல. அது எனக்கு வேண்டாம். ஒரு தாள்ல நீ எழுதிக் குடு. ‘அன்னைக்கு நான் ஆச்சுன்னு சொன்ன பொறவுதான் அவன் அடிச்சான்’னு ரெண்டு வரி. கையெழுத்துப் போட்டுக் குடு. அது போதும்னு செக்ரட்டரி சொல்லிட்டாரு. ஒம்பதாம் தேதி கூட்டம்.”

“சொன்னேனா?” என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தான். “என்னடே கேக்க?”

“ஞாபகம் இல்ல. முப்பத்திரெண்டு வருசம் ஆச்சு.”

அவன் சிரித்துவிட்டான். கேலிச் சிரிப்பு இல்லை. பழைய சிரிப்பு.

“இப்பச் சொன்னியே, இதே மாதிரிதான் சொன்ன. இதே குரலு.”

எழுந்து வாசல்வரை போனான். படியில் நின்று, “எட்டாம் தேதிக்குள்ள குடுத்துரு, ஸ்டாப்பரு” என்றான். பள்ளியில் அதுதான் என் பெயர். இடுக்கி எல்லாம் பிற்பாடு வந்தது.

காபி ஆடை கட்டிக் கிடந்தது. அதை நானே குடித்தேன்.

2.10.2013, புதன்

விடுமுறை. மின்விசிறி சரிசெய்ய வந்தவன் பேரிங் போய்விட்டது என்றான். எல்லாவற்றுக்கும் இப்போது பேரிங்தான் போகிறது.

3.10.2013, வியாழன்

டைரியிலும் பொய் எழுதினால் பிறகு டைரி எதற்கு? அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்தான். ஆசிரியர் தினத்துப் பேனாவில் எழுதினேன். ரயில் நிலையத்துப் பெட்டியில் போட்டேன். அவன் சொன்னதுபோல ஒரு பிழை இல்லை. அந்த ஒரு சொல்லைத் தவிர. அதை எழுதும்போது கை தயங்கக்கூட இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்த சொல் என்றே நினைத்திருந்தேன். எனக்குள் அவ்வளவு பழகிப்போயிருந்தது.

மற்றதையும் எழுதிவிடுகிறேன்.

ஆட்டம் முடிய நாலு நிமிஷம். இரு பக்கமும் கோல் இல்லை. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு முகாமுக்கு ஆள் எடுக்க வந்த மூன்று பேர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பெனால்டி கார்னர். பந்து நேராக என் உள்ளங்கைக்கு வந்தது. சுத்தமாக நின்றது. அந்தச் சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன். ஆச்சு. சொல்லிவிட்டுக் கையையும் எடுத்துவிட்டேன்.

பந்து கீழே கிடந்த சல்லிக்கல்லில் ஏறி இரண்டு விரற்கடை உருண்டது. அவ்வளவுதான். விட்டிருந்தால் அவன் எப்படியும் அடித்திருப்பான். தப்பிப்போனாலும் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் நிறுத்தத் தெரியாதவன் என்று மரத்தடியில் இருந்தவர்கள் நினைத்துவிடுவார்களே. பந்தைச் சரியாக வைக்கக் கையைத் திரும்பக் கொண்டுபோனேன். சொல்லைத் திரும்ப வாங்க முடியாது என்று அப்போது தோன்றவில்லை.

அது கோல் ஆயிற்று என்பதையும் எழுத வேண்டும். என் விரல்களின் வழியாகப் போயும் பலகையில் அடித்தது. ஜெயித்தோம். சீனிராஜ் மட்டையை எறிந்துவிட்டுத் தன் பனியனைக் கழற்றி என் கையைச் சுற்றினான்.

நாலு நாள் கழித்துத் தலைமையாசிரியர் அறை. அவர் அவனிடம், ஏன் அவசரப்பட்டாய் என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த தினசரி நாட்காட்டியைப் பார்த்தேன். ஜனவரி 27 என்று இருந்தது. முழுதாகக் கிழிக்காமல் இருபத்தாறு இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

“என் தப்பு சார்” என்றான் சீனிராஜ்.

இரண்டு வாரம் அவனை மைதானத்தில் இறங்க விடவில்லை. கேப்டன் பதவியையும் எடுத்துவிட்டார்கள். அந்த “என் தப்பு” என்பதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அவனே ஒப்புக்கொண்டானே. வருஷம் ஆக ஆக அது உண்மையாகவே ஆகிவிட்டது. எம்.ஃபில். ஆய்வேட்டில் ஆதாரங்களைச் சோதிப்பது எப்படி என்று ஓர் இயல் முழுக்க எழுதியவன் நான்.

6.10.2013, ஞாயிறு

வரவில்லை. எழுதித் தருவேன் என்று காத்திருக்கிறானாக்கும்.

8.10.2013, செவ்வாய்

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். என் கையெழுத்து இந்த ஊரில் வேறு யாருக்கும் வராது. விரல் மடங்காதவன் எழுதும் எழுத்து, எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து விழும். இந்தத் தாளையும் அந்தக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அறக்கட்டளைச் செயலாளரும் எங்கள் பள்ளிச் செயலாளரும் ஒரே கிளப்பில் சீட்டு ஆடுகிறவர்கள். ஓய்வுக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கிறது.

தட்டச்சு செய்து பெயரை மட்டும் போடலாம். அதுவும் தோன்றியது. தோன்றியபிறகும் தட்டச்சு நிலையத்துக்குப் போகவில்லை.

மாலை ஐந்து மணிக்குச் சீனிராஜ் தெருமுனையில் நின்றான். மாடியிலிருந்து பார்த்தேன். வீட்டுக்கு வரவில்லை. பெட்டிக்கடையில் ஒரு டீ குடித்தான், அரைமணி நேரம் நின்றான், போய்விட்டான்.

9.10.2013, புதன்

கூட்டம் இன்று. மூன்று மணிக்கு மழை பிடித்தது. பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தவில்லை. படிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் நின்றேன்.

10.10.2013, வியாழன்

ராஜாமணி சொன்னார். “சர்ச்சைக்கு இடமில்லாத ஒருவரை” வெளியூரிலிருந்து எடுக்கப்போகிறார்களாம். விஷயம் ஊருக்குள் பரவி, பெண் பிள்ளைகளின் பெற்றோர் மூன்று பேர் நகராட்சிப் பள்ளியில் போய்ப் பேசியிருக்கிறார்கள். சீனிராஜிடமிருந்த மைதானத்துச் சாவியைத் திரும்ப வாங்கிவிட்டார்களாம். அந்தப் பதினாலு பேரும் காலையில் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் அந்த வேலையைத்தான் குறிவைத்தேன். சாவியை அல்ல. சத்தியமாக அல்ல.

13.10.2013, ஞாயிறு

ஆயுத பூஜை. செண்பகம் பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கினாள். பிறகு பரணில் ஏறி எதையோ தேடினாள். பழைய ஹாக்கிப் பந்து ஒன்று கிடந்தது. வெள்ளை உரிந்து மரக்கட்டை மாதிரி ஆகியிருந்தது. அந்த ஆட்டத்துப் பந்து. மருத்துவமனையில் என் தலைமாட்டில் சீனிராஜ் வைத்துவிட்டுப் போனது. அதைத் துடைத்துச் சந்தனம் வைத்துப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“எதுக்கு இது?” என்றேன்.

“அண்ணன் இன்னைக்கு வரல. அவங்க கும்பிட ஒண்ணு இருக்கட்டும்னு வச்சேன்.”

தீபாராதனை காட்டி முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். “போன மாசம் அஞ்சாம் தேதி வாங்கிட்டு வரச் சொன்னீங்களே, கவரு. பள்ளிக்கூட வேலைக்குப் பள்ளிக்கூடத்துல கவர் இருக்காதாங்க?”

திருநீற்றை நானே எடுத்துப் பூசிக்கொண்டேன். எப்போதும் அவள்தான் பூசிவிடுவாள்.

17.10.2013, வியாழன்

வீட்டில் பேச்சு இல்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வருகிறது.

20.10.2013, ஞாயிறு

ஏழு மணிக்கு வந்தான். நான் ஆறரையிலிருந்தே சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எதற்கென்று தெரியாமல்.

ஓசூரில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறானாம். மனைவி இறந்த பிறகு அவள் எத்தனையோ தடவை கூப்பிட்டும் போகாதவன். வீட்டைக் காலி செய்துவிட்டான். மட்டைகளையெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டான். அங்கே என்ன செய்வாய் என்று கேட்டேன். பேத்தியைப் பள்ளி வேனில் ஏற்றிவிட ஆள் வேண்டுமாம்.

செண்பகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் பேப்பரை எடுத்துப் பிரித்து, பார்த்துவிட்டு, மடித்து வைத்தான்.

“குடுப்பேன்னு நெனச்சேன்டே” என்றான். அவ்வளவுதான் அதைப்பற்றிச் சொன்னது.

பிறகு, “கடைசியா அவங்ககிட்ட ஒண்ணு மட்டும் கேட்டுட்டு வந்தேன்” என்றான். “இனிமே பேரில்லாத லெட்டர் வந்தா வாசிக்கவே கூடாது, கையெழுத்து இல்லேன்னா அங்கயே கிழிச்சிரணும்னு. நாளைக்கு வேற எவனும் இப்படி நிக்கக் கூடாது பாரு. நியாயந்தான்னு தீர்மானமே போட்டுட்டாங்க.”

எனக்கு வேண்டி அதைச் சொன்னானா, சும்மா சொன்னானா, தெரியாது. அவன் குத்திப் பேசுகிறவன் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

விடைபெற எழுந்தான். நானும் எழுந்தேன். என் வலதுகைப் பொத்தான் போடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் செண்பகம் போட்டுவிடுவதில்லை. அவன் கண் அதில் போனது. நான் கையை நீட்டினேன். நானாகத்தான் நீட்டினேன். பள்ளி வாசலில் நீட்டியதுபோலவே.

குனிந்து போட்டுவிட்டான். துளை தெரியக் கண்ணைச் சுருக்கினான். அவனுக்கும் ஐம்பது ஆகிறது. போட்டு முடித்து என் மணிக்கட்டை ஒரு தட்டுத் தட்டினான். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். மூன்றடிக்குள்தான் நின்றோம், மூச்சு விடுவதுபோலச் சொன்னாலும் அவனுக்குக் கேட்டிருக்கும்.

படியில் செம்மண் இல்லை.

25.10.2013, வெள்ளி

ராஜாமணி ஒரு செய்தி கொண்டுவந்தார். வெளியூர்ப் பயிற்சியாளர் வர மறுத்துவிட்டாராம். முப்பத்தொன்றாம் தேதி மறுபடி கூட்டம். செயலாளருக்கு இன்னமும் சீனிராஜ்மேல் ஒரு மனசு இருக்கிறதாம். “கை உடைஞ்சவரே ஒரு எழுத்து குடுத்தா இப்பக்கூட வரச் சொல்லிருவேன்” என்று ராஜாமணியிடமே சொல்லியனுப்பியிருக்கிறார்.

“சார், நீங்கதானே அது. ரெண்டு வரிதானே” என்றார் ராஜாமணி.

பார்க்கலாம் என்றேன்.

27.10.2013, ஞாயிறு

ஏழு மணி. யாரும் வரவில்லை. இனி வர ஆள் இல்லை. பேப்பரை மாலைவரை பிரிக்கவில்லை.

28.10.2013, திங்கள்

உடம்பு சரியில்லை என்று விடுப்புச் சொல்லிவிட்டுக் காலையிலேயே உட்கார்ந்து எழுதிவிட்டேன். ஒரே மூச்சில் வந்தது, அடித்தல் திருத்தல் இல்லாமல். சொல் முதலில் வந்தது, கை பிறகு போனது, சீனிராஜ் சொல்லை நம்பி அடித்தான், தவறு முழுக்கப் பந்தை நிறுத்தியவனுடையது, முந்தைய கடிதம் பொய், அதை எழுதியவரும் அவரே என்று எல்லாம் இருக்கிறது. வாசித்துப் பார்த்தேன். நல்ல தமிழ். ஆனால், ‘நான்’ என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘அவர்’ என்று இருக்கிறது. எழுதும்போது அப்படித்தான் வந்தது.

கீழே ‘இப்படிக்கு’ என்று எழுதினேன். பேனாவை அதற்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரல் வலிக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். வலிக்கவில்லை.

செண்பகம் வந்து எட்டிப் பார்த்தாள். போய், திரும்பி வந்து மேஜைமேல் ஒரு தபால் கவரை வைத்தாள். எப்போது வாங்கினாள் என்று தெரியவில்லை. பதினைந்து நாளைக்குப் பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“பேரு போட்டீங்களா?”

போடுகிறேன் என்றேன். அவள் அடுக்களைக்குப் போனாள். ரவை வறுக்கும் வாசனை வருகிறது.

பெயரில்லாமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பிரிப்பார்கள், அடியில் பார்ப்பார்கள், கிழிப்பார்கள். தீர்மானம் அப்படி. சீனிராஜே கேட்டு வாங்கிய தீர்மானம். ஓசூரில் அவன் பேத்தியைத் தினமும் வேனில் ஏற்றிவிட்டுக்கொண்டிருப்பான், இப்படி ஒரு கடிதம் எழுதப்பட்டது என்றுகூடத் தெரியாமல்.

‘இப்படிக்கு’ என்ற சொல்லை அடித்துவிட்டேன். அடித்தது தெரியக்கூடாது என்று கடைசித் தாளை மட்டும் திரும்ப எழுதினேன். கவரில் வைத்து ஒட்டியாயிற்று. ரயில் நிலையத்துப் பெட்டியில் நாலரைக்கு எடுப்பார்கள். கேசரி இறங்குவதற்குள் கிளம்ப வேண்டும். பெயர் இல்லாமல்தான் போடப்போகிறேன்.